ஊண் தீர்ந்த பின் மெக்சிகோ

கேரளத்தின் கிழக்கு எல்லையில், வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குள்ளும், சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்குள்ளும் நுழையும் தமிழர் எவரும் பிற்பகல் 2 மணிக்கு மேல் உணவகம் தேடிப் புறப்படலாகாது என்பது, எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அச்சாகாத, ஆயினும் எல்லாச் சோதனைச்சாவடிகளிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்க வேண்டிய விதியாகும். இவ்விதியை மீறுவோருக்கான தண்டனை அண்மைக்காலம் வரை பொரோட்டாவாக இருந்தது. இப்போது சில இடங்களில் அது மெக்சிகோவாக மாறியிருக்கிறது. அத்தண்டனையின் ஒரு பகுதியான டாக்கோ என்னும் பண்டத்தை, அதாவது வட்டமான மெல்லிய ரொட்டியை இரண்டாக மடித்து, இடையில் இறைச்சியையோ காய்கறியையோ திணித்து, இரு முனைகளையும் திறந்தபடியே விட்டுவிடும் அந்த உணவை, சட்டையில் சிந்தாமல் உண்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நோக்கத்தை அடைவதற்கு முன் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவது அடிப்படை, ஊண். சங்கப் பாடல்களில் உணவைக் குறித்த இச்சொல்லைத் தமிழர் ஏட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட, மலையாளிகள் அதைத் துடைத்தெடுத்து, 'ஊணு ரெடி' என்று பலகையில் எழுதி உணவக வாசலில் மாட்டிவைத்தார்கள். அப்பலகையைக் காணும் தமிழர், பாட்டன் வீட்டுச் சொல் பக்கத்து வீட்டில் பிழைத்துக் கிடக்கிறதே என்று கூச்சப்படுவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, 'மீல்ஸ் இருக்கா?' என்று கேட்கிறார். மீல்ஸ் என்ற சொல்லின் ஈற்றில் நிற்கும் 'ஸ்' ஆங்கில இலக்கணப்படி பன்மை விகுதியாயினும், 'ஒரு மீல்ஸ்', 'நாலு மீல்ஸ்' என்று எண் எதுவாயினும் அது இம்மியும் அசையாது நிற்பதால், இரண்டாம் முறையும் சோறு போடப்படும் என்பதற்கு உறுதி கூறும் விகுதியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

இப்பகுதியின் ஊணில் சோறு என்பது பெரும்பாலும் மட்ட அரிசிச் சோறு. மட்ட என்பது, புழுங்க வைத்த பின்னும் தவிட்டின் செம்மை முழுவதும் நீங்காதபடி குத்தப்படும் பருமனான அரிசி. பாலக்காடன் மட்ட என்னும் பெயரில் அது புவிசார் குறியீடும், அதாவது ஒரு பொருளின் பெயரை அது விளையும் நிலத்தோடு சட்டப்படி முடிச்சுப் போடும் உரிமையும் பெற்றிருக்கிறது. பொன்னி அரிசிக்குப் பழகிய கோயம்புத்தூர்ப் பற்கள் முதல் கவளத்தில் திகைத்து, இரண்டாவதில் முணுமுணுத்து, மூன்றாவதில் புளிசேரி என்னும் மோர்க்குழம்பின் தயவால் சமாதானமடைவதே மரபு. அத்தோடு சாம்பார், தோரன், ஏதேனும் ஒரு மெழுக்குபுரட்டி, அச்சார், பப்படம், கேட்டால் மீன் சாறு, கேளாமலே மோர். மாநில எல்லைகள் 1956 நவம்பர் 1 அன்று மொழியை அளவுகோலாகக் கொண்டு வரையப்பட்டபோது, அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போயிற்று. தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் பெரிய போராட்டத்துக்குப் பிறகும் கேரளத்திலேயே நின்றன. சாம்பாரை அளவுகோலாகக் கொண்டிருந்தால் கோடு வேறு எங்கோ விழுந்திருக்கும் என்பதும், தேங்காயெண்ணெய் எந்த ஊரில் தொடங்குகிறது என்பதை நில அளவைத் துறையினர் குறித்து வைக்கத் தவறினர் என்பதும் இங்கே போகிற போக்கில் சுட்டத்தக்கவை.

ஊணின் குறை ஒன்றே: அது தீரும். தீர்ந்துவிட்டதை அறிவிக்கும் சொல் 'தீர்ந்நு' என்பது. தமிழில் 'தீர்ந்துபோச்சுங்க' என்னும்போது அந்தப் 'போச்சு'வில் ஓர் இழப்பும் 'ங்க'வில் ஓர் ஆறுதலும் ஒட்டிக்கொண்டிருக்கும். 'தீர்ந்நு' என்பதில் அப்படி ஒட்டிக்கொண்டிருப்பது எதுவும் இல்லை. ரயில் போய்விட்டது, பாலம் இடிந்தது, ஊண் தீர்ந்தது. இதை எழுதுபவரின் காதில் அச்சொல் விழுந்து இன்னும் ஒரு வாரம் நிறையவில்லை. மறையூரிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், வாசலில் ஊணுப் பலகை தொங்கிக்கொண்டே இருந்த ஓர் உணவகத்தில், 2 மணி 15 நிமிடத்துக்கு அது சொல்லப்பட்டது. தீர்ந்த ஊணுக்குப் பலகை எதற்கு என்ற கேள்வியை அவர் அப்போது கேட்கவில்லை. கேட்காததால்தான் அன்றிலிருந்து அது தொண்டையில் நிற்கிறது.

ஊண் தீர்ந்த இடத்தில் பட்டியல் பிறக்கிறது. பட்டியல் என்று இங்கே குறிக்கப்படுவது, தண்ணீர் படாதிருக்க நெகிழித்தாள் ஒட்டப்பட்ட, ஆயினும் எண்ணெய்க்குத் தப்பாத, பக்கங்கள் தோறும் ஒரு நாட்டைக் கொண்ட உணவு அட்டைப் புத்தகம். முதலில் கேரளம் வரும். பின் வட இந்தியா, சீனா, அரபு நாடுகள். கடைசிப் பக்கத்தில், காப்பிக்கும் எலுமிச்சைச் சோடாவுக்கும் முந்தி, மெக்சிகோ. டாகோ பெல் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் முதல் இந்தியக் கிளையைப் பெங்களூரில் திறந்தது 2010இல். அங்கிருந்து அப்பண்டங்கள் பேரங்காடிகளைக் கடந்து, சுற்றுலாப் பயணிகளின் நாவைப் பற்றிக்கொண்டு, தேயிலைச் சரிவு வரை ஏறிவிட்டன. உண்பவர் பட்டியலைப் பிரித்தார். பத்திரப் பதிவுக்கு முன் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பவரைப் போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூடினார். நிமிர்ந்து, 'என்ன இருக்கு?' என்று கேட்டார்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே 'என்ன இருக்கு?' என்று கேட்பதைப் பற்றி ஓரிரு சொற்கள் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். இக்கேள்வியை எழுத்தறியாமையின் விளைவென்று கருதுவோர் உளர், அது தவறு. முனைவர் பட்டம் பெற்றவர்கள் அதே பட்டியலின் எழுத்துப்பிழைகளை எல்லாம் திருத்தி முடித்துவிட்டு இதைக் கேட்பதைக் காணலாம். பேருந்து நிலையத்துக் கால அட்டவணைப் பலகையின் கீழ் நின்றுகொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் 'பழநி வண்டி எத்தனை மணிக்கு?' என்று விசாரிக்கும் மரபில் வளர்ந்த ஒரு சமூகத்துக்கு, அச்சில் இருப்பது ஆசை, வாயில் வருவதே சாட்சியம். ஆகவே பரிமாறுபவர் ஒருமுறை சொல்லக் கேட்க வேண்டும். அவரும் சொல்கிறார்: பொரோட்டாசப்பாத்திஅப்பம்சிக்கன்பிரியாணிபீஃப்பிரியாணிகப்பபிரியாணிஃப்ரைட்ரைஸ்நூடில்ஸ் என்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே மூச்சும் நிறுத்தமும் இன்றி, தொல்காப்பியர் கேட்டிருந்தால் புணரியலில் ஒரு நூற்பாவைக் கூட்டியிருக்கக்கூடிய வேகத்தில் சொல்லி முடிக்கிறார். முடித்ததும் உண்பவர், இத்தனையையும் கேட்டதற்கான அடையாளம் முகத்தில் துளியும் தெரியாதபடி, 'வேற?' என்கிறார்.

'வேற?' என்பது இரண்டாம் நிலை. சொல்லப்பட்டவை பிடிக்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. சொல்லப்படாமல் ஏதோ ஒன்று உள்ளே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, தம்மைப் போன்ற விவரமானவர் துருவினால் அது வெளியே வரும் என்னும் நம்பிக்கையே அதன் வேர். நியாயவிலைக் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்லப்பட்ட மறுநிமிடம் பின்வாசல் வழியாகச் சர்க்கரை போனதைக் கண்ட பரம்பரையின் கேள்வி அது. 'வேற'வுக்கு விடையாக முன்பு சொன்னவையே வரிசை மாறி வருகின்றன; உண்பவர் நிறைவடைகிறார். மூன்றாவது, 'சூடா என்ன இருக்கு?' ஆறிப்போனது எது என்று எந்த உணவகமும் சொல்லாதாகையால் இக்கேள்விக்கு விடை எப்போதும் 'எல்லாம் சூடு சாரே' என்பதே. ஆயினும் இது கேட்கப்படாமல் விடப்பட்டதில்லை. நான்காவது, 'எது சீக்கிரம் வரும்?' இதற்கு விடை 'பத்து மினிட்'. பத்து மினிட் என்பது மலைப்பகுதிகளில் வழங்கும் ஒரு கால அளவை. அது கடிகாரத்தால் அளக்கப்படுவதில்லை. ஐந்தாவது நிலையில் சொற்கள் ஓய்ந்து முகவாய் பேசத் தொடங்குகிறது: உண்பவர் பக்கத்து மேசையை முகவாயால் சுட்டி, குரலைத் தாழ்த்தி, 'அது என்ன?' என்று கேட்கிறார். பக்கத்து மேசைக்காரர் தம் தட்டை இலேசாகத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

இவையெல்லாம் ஒருவர் தனியே உண்ணும்போது நடப்பவை. குடும்பம் உண்ணும்போது ஒவ்வொருவரும் ஐந்து நிலைகளையும் தனித்தனியே கடப்பதால், நால்வர் அமர்ந்த மேசையில் இருபது கேள்விகள் எழுகின்றன. அவற்றுக்கெல்லாம் விடை கிடைத்த பின், கூடவே வந்திருக்கும் பெரியவர், 'எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க' என்கிறார். பெரியவர் எதுவும் வேண்டாம் என்பது அனைவரின் தட்டிலிருந்தும் வேண்டும் என்பதன் மங்கல வழக்கு. பின்னர் அவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துச் சுவைத்துவிட்டு, 'நான் மீல்ஸே சொல்லியிருப்பேன்' என்பார். மீல்ஸ் தீர்ந்ததை அவருக்கு யாரும் நினைவூட்டத் துணியார். இதை எழுதுபவரும் இப்பழக்கத்துக்கு விலக்கானவர் அல்லர். மறையூரில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லத்தை, உருண்டை உருண்டையாக அடுக்கி வைத்திருந்த ஒரு கடையில், வெல்லத்தைத் தவிர ஓர் ஈயும் சில குளவிகளும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த கடையில், அவர் 'என்ன இருக்கு?' என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு 'வெல்லம்' என்றார். 'வேற?' என்று அவர் கேட்டதையும் மறைப்பதற்கில்லை.

மேலே செல்லலாம் என்று முன்பே கூறப்பட்டது. ஆயினும் இக்கேள்விக்கு உலக வரலாற்றில் ஓர் உயர்ந்த இடம் உண்டு என்பதையும், அவ்விடம் மெக்சிகோவில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. மெக்சிகோவுக்கும் அமெரிக்காவின் டெக்சாஸுக்கும் இடையே ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் தென்கரையில் பியத்ராஸ் நெக்ராஸ் என்றோர் ஊர் உள்ளது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குக் கருங்கற்கள் என்று பொருளாதலால், கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கலுக்கு அதை ஒருவகையில் உறவென்றே கொள்ளலாம். வாளையாற்றைப் போல அதுவும் எல்லையூர். 1940களின் தொடக்கத்தில், எதிர்க்கரையிலிருந்த படைமுகாமைச் சேர்ந்த அமெரிக்கப் பெண்கள் சிலர் ஆற்றைக் கடந்து வந்து, அங்கிருந்த ஓர் உணவகத்தில் நேரங்கெட்ட நேரத்தில் அமர்ந்தனர். சமையல்காரர் அங்கே இல்லை. பரிமாறும் பொறுப்பிலிருந்த இக்னாசியோ அனாயா, உள்ளே போய் என்ன இருக்கிறதென்று பார்த்து, பொரித்த சோளரொட்டித் துண்டுகளின் மேல் பாலாடைக்கட்டியைத் தூவி உருக்கி, ஊறுகாய் மிளகாயை வைத்துக் கொண்டுவந்தார். இக்னாசியோ என்ற பெயரின் செல்லச் சுருக்கம் நாச்சோ. பண்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. எல்லை தாண்டி வந்தவர்கள், தவறிய வேளை, ஆளில்லாத அடுப்பு, இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுதல் என்னும் நான்கும் கூடிய அந்தக் கணத்தில், அப்பெண்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எதுவென்று தமிழருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறையூர்ச் சாலைக்குத் திரும்பினால், அங்கே கேள்வி கேட்கப்பட்டவர் அசாமிலிருந்து வந்த இளைஞர். அதிதித் தொழிலாளர், அதாவது விருந்தினராக வந்த உழைப்பாளர் என்று கேரள அரசு அழகாகப் பெயரிட்டிருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். உண்பவர் தமிழில் கேட்டார். அவர் அசாமியச் சாயலில் மலையாளம் பேசினார். பேசப்பட்ட பொருளின் பெயர் ஸ்பானியம். 'புரிட்டோ உண்டு சாரே' என்றார் அவர். புரிட்டோ என்பது டாக்கோவைப் போலன்றி, ரொட்டியின் முனைகளை உள்ளே மடித்துப் பாயைப் போலச் சுருட்டப்படுவது. சொல்லுக்குச் சிறுகழுதை என்று பொருள். கழுதைக்குட்டி எத்தனை நேரத்தில் வரும் என்று கேட்கத் தயங்கி, உண்பவர் டாக்கோவும் மெக்சிகன் ரைஸும் சொன்னார்.

மெக்சிகன் ரைஸ் முதலில் வந்தது. இதன் இயல்பாவது: சீனப் பக்கத்தின் ஃப்ரைட் ரைஸில் சோயாச் சாற்றை நீக்கித் தக்காளிச் சாற்றை ஊற்றி, ராஜ்மா என்னும் சிவப்புக் காராமணி போன்ற பயறைப் பத்துப் பன்னிரண்டு எண்ணிப் போட்டு, குடைமிளகாயை நெடுக நறுக்கிச் சேர்ப்பது. சீனாவிலிருந்து மெக்சிகோவுக்குப் பசிபிக் பெருங்கடலைக் கடக்க ஒரு கரண்டி தக்காளிச் சாறு போதும் என்பது கடலோடிகள் அறியாத செய்தி. டாக்கோ அடுத்து வந்தது. அதன் ரொட்டி, உலர்ந்த சோளமாவின் மணத்துக்குப் பதிலாக, அன்று காலை யாரோ ஒருவர் அவசரத்தில் சுட்ட கோதுமைச் சப்பாத்தியின் மணத்தை உடையதாக இருந்தது. மடிப்புப் பிரியாதிருக்க நடுவில் ஒரு பல்குத்தும் குச்சி. அதைப் பிடுங்கியதும் சப்பாத்தி, நீண்ட நாள் பேசாதிருந்தவர் வாய் திறந்தாற்போல மெல்லத் திறந்தது. உள்ளே பீஃப் உலர்த்தியது. கருமிளகும் கறிவேப்பிலையும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய்க் கொத்தும் சேர்த்து, எண்ணெய் விளிம்பில் கறுக்கும் வரை வறுத்த இறைச்சி. அது நன்றாக இருந்தது. இதை எழுதுவதற்கு வருத்தமாகவே இருக்கிறது; மெக்சிகோவைக் குறை சொல்லவே அமர்ந்தவருக்கு அந்தத் தேங்காய்க் கொத்து பெரும் இடையூறாயிற்று.

ஆயினும் குறை சொல்வதற்கு வேறொரு வழி இருக்கிறது. இடுக்கியில் மெக்சிகோவைக் கடைசிப் பக்கத்தில் அச்சிடுவதே பிழை. மிளகின் தாய்நாட்டைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வழிதவறி அமெரிக்காவை அடைந்து, அங்கே கண்ட காரமான காயையும் மிளகென்றே அழைத்துவிட்டார். போர்த்துகீசியர் அக்காயை இங்கே கொண்டுவந்தபோது, தமிழர் அதை மிளகு போன்ற காய், மிளகாய், என்றனர். மலையாளிகள் இன்னும் ஒரு படி மேலே போய் அதற்கு 'முளகு' என்ற பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளூர்க்காரனான மிளகைக் 'குருமுளகு' என்று அடைமொழி சேர்த்துத் தள்ளி உட்கார வைத்தனர். பயன் என்னவென்றால், எல்லை தாண்டிய தமிழர் முட்டைப்பொரியலுக்கு 'கொஞ்சம் மிளகு' கேட்டால் பச்சை மிளகாய் வரும்; அதைத் தின்று இருமிய பின்தான் அவருக்கு ஒப்பியல் மொழியியல் விளங்கும். மிளகாய் மட்டுமா? இடுக்கியின் தோட்டங்களில் காய்க்கும் கொக்கோவைக் காய்ச்சிக் குடித்தவர்கள் மெக்சிகோவின் பழங்குடியினர். விலை ஏறிய காலத்தில் இம்மாவட்டத்து விவசாயிகள் காவல் இருந்து வளர்த்து, விலை விழுந்ததும் கைவிட்ட வனிலாக் கொடியும் மெக்சிகோவின் கொடியே. அதன் பூவைக் கையால் கருவுறச் செய்யும் எளிய வழியை 1841இல் ரியூனியன் தீவில் கண்டவர் எட்மண்ட் அல்பியுஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவர். கொய்யா, பப்பாளி, மக்காச்சோளம், வட்டவடையின் பீன்ஸ் ஆகியவற்றின் பூர்வீகமும் அந்தத் திசையே. ஊண் என்ற பெயரில் நாள்தோறும் பாதி மெக்சிகோவைத் தின்றுகொண்டிருக்கும் ஊரில், அது தீர்ந்துவிட்டதென்று சொல்லி மெக்சிகோவைத் தனியே விற்பதை என்னவென்பது?

இதைவிடக் கொடிது, மெக்சிகோவில் மெக்சிகர்கள் உண்ணும் மதிய உணவு எது என்பது. அந்நாட்டில் குடும்பத்தார் நடத்தும் சிறு சாப்பாட்டுக் கடைக்கு ஃபோந்தா என்று பெயர். தமிழ்க்காதில் இது போண்டா என்று விழுந்தால் அதற்கு அந்நாட்டார் பொறுப்பல்லர். ஃபோந்தாவில் வேலை நாட்களின் மதியத்தில் கிடைப்பது கொமிடா கொரிடா எனப்படும் வரிசைச் சாப்பாடு: ஒரே விலை, முதலில் சூப், அடுத்து 'உலர்ந்த சூப்', அதாவது இலக்கணத்துக்கு அடங்காத அப்பெயரைப் பெற்ற சோறு, பிறகு அன்றைக்குச் சமைத்த குழம்புக் கறி ஏதேனும் ஒன்று, பக்கத்தில் பயறும் ரொட்டியும், குடிக்கப் பழச்சாறு கலந்த நீர். பட்டியல் கிடையாது, அல்லது கரும்பலகையில் நான்கு வரி. உட்கார்ந்ததும் அன்று என்ன இருக்கிறதென்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சுருங்கச் சொன்னால், அது ஊண். மெக்சிகோவின் உண்மையான மதிய உணவு மறையூர்ச் சாலையில் 2 மணி 15 நிமிடத்துக்குத் தீர்ந்துபோய், அதன் இடத்தில் மெக்சிகோ பரிமாறப்பட்டது. போதாக்குறைக்கு, அந்நாட்டில் மதிய உணவின் வேளை பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் களைகட்டும். அங்கே இலை போடும் நேரத்தில் இங்கே இலை எடுத்தாயிற்று.

டாக்கோவைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் எஞ்சியுள்ளன. அதன் அசல் ரொட்டிக்கான சோளத்தை மெக்சிகோவில் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டே அரைப்பார்கள். தோல் கழன்று, மாவு பிசுபிசுத்துச் சேர்ந்து, உடலுக்கு வேண்டிய ஓர் உயிர்ச்சத்தும் கட்டவிழும். இம்முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே நம்பி உண்ட ஐரோப்பிய ஏழைகளிடையே பெலாக்ரா என்னும் சத்துக்குறை நோய் பரவியது. சுண்ணாம்பைத் தமிழர் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அதைச் சாப்பாடு முடிந்த பின் வெற்றிலையில் தடவுவார்கள். மெக்சிகர் தொடங்கும் இடத்தில் தமிழர் முடிக்கிறார்கள். அச்சோளத்தை அரைக்கும் மெட்டாட்டே என்னும் கருவி, குழவியோடு கூடிய அம்மியே. மூன்று கால்கள் உண்டு என்பதைத் தவிர வேறுபாடில்லை. டாக்கோவின் ரொட்டியருகே வைத்து ஒப்பிடத்தக்க மெல்லிய, வட்டமான, தட்டைப் பண்டம் எல்லையின் இந்தப் பக்கம் எது என்றால், பாலக்காட்டுக்கு அருகே ராமசேரியில் ஒரு சில முதலியார் குடும்பங்கள் செய்துவரும் இட்லியைச் சொல்ல வேண்டும். மண்பானையின் வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி, விறகு அனலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆவியில் வேகவைக்கப்படும் அது, இட்லியின் உப்பலும் தோசையின் முறுகலும் இன்றி, மடித்தால் விரியாமல் மடங்கும். அதில் பீஃப் உலர்த்தியதை வைத்து மடித்தால் என்ன ஆகும் என்று இதை எழுதுபவர் நினைத்துப் பார்த்தார். ராமசேரிக்காரர்கள் இதைப் படிக்காதிருக்கக் கடவர்.

இனி, டாக்கோவைச் சிந்தாமல் உண்ணும் முறை. முதலில் மேசையிலுள்ள தண்ணீர்க் குவளையை எட்டத் தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைப்பதற்குக் காரணம், கேரள உணவகங்களில் குடிக்கத் தரப்படுவது பதிமுகம் என்னும் மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்பு வெந்நீர் என்பதும், அது வெள்ளைச் சட்டையில் சிந்தினால் தக்காளிச் சாற்றைவிடத் தெளிவாகத் தெரியும் என்பதும். எல்லை தாண்டி வரும் தமிழர் முதன்முறை அந்நீரைக் கண்டதும் அதை விரல் கழுவத் தந்த நீர் என்று கருதி விரலை விடுவதும், பழகியவர் அவரைப் பார்த்துச் சிரிப்பதும், சிரித்தவரே அதை முகர்ந்து பார்த்துவிட்டு 'சாதா தண்ணி இருக்கா?' என்று கேட்பதும் வழக்கமாக நடப்பவை. மெக்சிகோவிலும் செம்பருத்தி இனத்துப் பூவின் புல்லிவட்டத்தை ஊறவைத்த சிவப்பு நீரை உணவோடு குடிக்கிறார்கள் என்றும், அதற்குச் சர்க்கரை போடுவதால் யாரும் விரல் விடுவதில்லை என்றும் அறியலாம். இவ்விளக்கத்தின் நடுவே, பிரிந்த சப்பாத்தியின் பின்முனை வழியாக ஒரு தேங்காய்க் கொத்தும் அதைத் தொடர்ந்து எண்ணெயும் இறங்கிவிட்டன.

பில் வந்தது. மெக்சிகோவின் விலை மூன்று ஊணின் விலையாக இருந்ததை ஒரு தாளில் பெருக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, உண்பவர் கை கழுவச் சென்றார். கழுவும் தொட்டி சமையலறை வாசலை ஒட்டி இருந்தது. சட்டையின் மூன்றாம் பொத்தானருகே படிந்த கறையை நனைத்துத் தேய்த்துக்கொண்டே அவர் உள்ளே பார்த்தார். ஒரு நீண்ட பலகையில் நால்வர் இலை போட்டு உட்கார்ந்திருந்தனர். இலையில் மட்டச் சோறு குவிந்திருந்தது. சாம்பார், பயறுத் தோரன், புளிசேரி, ஓரத்தில் வறுத்த மத்தி இரண்டு. பரிமாறிய அசாமிய இளைஞர் பப்படத்தை உள்ளங்கையால் நொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் இலையில் இன்னொரு பப்படமும் இருந்தது. ஈரக் கையோடு வாசலில் நின்றவரின் வாயிலிருந்து, அவர் கருதாமலே, 'என்ன இருக்கு?' என்று வந்தது.

'ஊணு' என்றார் சமையல்காரர், திரும்பாமல். பிறகு திரும்பிப் பார்த்து, 'ஸ்டாஃபினு மாத்ரம், சாரே' என்றார்.